ஆலோசகர் யாருடைய ஆள்?

*தொழிலிடங்களில் மனநல ஆலோசனைத் திட்டங்கள் பெருகிவரும் இந்தியாவில், அவை தொழிலாளியின் நம்பிக்கையைப் பெறுவதற்கு என்னென்ன தேவை என்பதை ஆராய்கிறது இந்தச் சிறப்புக் கட்டுரை.*

உழைப்பவரின் உடலுக்கு நேரும் காயத்தைப் பதிந்து ஈடுசெய்வதற்கான வழிமுறைகள், 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் தொடங்கி ஒரு நூற்றாண்டாக இந்தியாவில் உருப்பெற்று வந்திருக்கின்றன. இயந்திரத்தில் விரல் சிக்கினால் அது விபத்துப் பதிவேட்டில் ஏறுகிறது, இழப்பீடு கணக்கிடப்படுகிறது, அந்த இயந்திரத்துக்குத் தடுப்பு இருந்ததா என்று தொழிற்சாலை ஆய்வாளர் கேட்கிறார். அதே இயந்திரத்தின் முன்னால், கடன் கொடுத்தவரின் தொலைபேசி அழைப்புக்கு அஞ்சியும் மேற்பார்வையாளரின் வசவுக்குக் கூசியும் மூன்று இரவுகளாக உறங்காமல் நிற்பவரின் நிலையை எழுதிவைக்க எந்தப் பதிவேடும் இல்லை. விரல் சிக்கியதற்கு அந்த உறக்கமின்மையே காரணமாக இருந்தாலும், பதிவேட்டில் ஏறுவது விரல் மட்டுமே.

இந்தக் குறையின் அளவு சிறியதன்று. மனச்சோர்வாலும் பதற்ற நோயாலும் உலகில் ஆண்டுதோறும் 1,200 கோடி வேலைநாட்கள் இழக்கப்படுவதாகவும், அதனால் ஏற்படும் உற்பத்தி இழப்பு 1 லட்சம் கோடி டாலர் என்றும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. பெங்களூருவிலுள்ள மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, வயதுவந்தோரில் 10.6 சதவீதத்தினர் ஏதேனும் ஒரு மனநலக் கோளாறுடன் வாழ்வதைக் கண்டறிந்ததோடு, நோயின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் வரையிலானோர் சிகிச்சையின்றியே இருப்பதையும் வெளிப்படுத்தியது. லட்சம் மக்களுக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நாட்டில், மனிதர்கள் தம் விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதியைக் கழிக்கும் தொழிலிடமே உதவியின் முதல் வாயிலாக அமைய முடியும் என்ற எண்ணம் இயல்பானது. அந்த எண்ணத்திலிருந்து பிறந்த ஏற்பாட்டுக்குப் 'பணியாளர் உதவித் திட்டம்' என்று பெயர். தொழிலாளிக்கும் பெரும்பாலும் அவருடைய குடும்பத்தாருக்கும், நிறுவனத்தின் செலவில், குறிப்பிட்ட எண்ணிக்கையிலான ஆலோசனை அமர்வுகளை வழங்குவதும், தேவைப்பட்டால் மருத்துவரிடமோ சட்ட உதவியிடமோ கொண்டு சேர்ப்பதும் அதன் பணிகள்.

இத்தகைய திட்டம் எதுவாயினும் அதன் வெற்றி தோல்வியை ஒரே கேள்வி தீர்மானிக்கிறது. நிறுவனம் சம்பளம் கொடுக்க, தொழிலாளி மனம் திறக்க, நடுவில் அமர்ந்திருக்கும் ஆலோசகர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதே அந்தக் கேள்வி.

ஆலோசனையும் ஆற்றுப்படுத்தலும்

தமிழ்நாட்டில் இப்பணிக்கு வழங்கும் 'ஆலோசனை' என்ற சொல், அறிந்தவர் அறியாதவருக்குப் புத்தி சொல்வதாகப் பொருள்பட்டுவிடுகிறது. இலங்கைத் தமிழர் 'உளவளத்துணை' என்று சொல்வது பணியின் இயல்புக்கு இன்னும் நெருக்கமானது. உள்ளத்தின் வளத்துக்குத் துணையாக நிற்பவர் என்ற பொருள் அதில் துலங்குகிறது. 'ஆற்றுப்படுத்துநர்' என்ற மற்றொரு சொல்லும் இரு நாடுகளிலும் உண்டு. பரிசில் பெற்று மீளும் கலைஞர், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொரு கலைஞருக்கு வழிகாட்டி அனுப்பும் ஆற்றுப்படை என்னும் பழந்தமிழ் இலக்கிய வகையை இச்சொல் நினைவூட்டுகிறது. அவ்வழியில் ஏற்கெனவே நடந்தவரே வழி சொல்கிறார் என்பது அந்த வகையின் அடிப்படை. குடிநோயிலிருந்தோ மனச்சோர்விலிருந்தோ மீண்ட தொழிலாளி, அதே துன்பத்தில் இருக்கும் சக தொழிலாளியைக் கைப்பிடித்து அழைத்துச் செல்வதே இன்று 'சகதொழிலாளர் துணை' எனப்படுகிறது. தமிழ் மரபுக்கு அது புதிதன்று.

கேட்கும் காதும் செயல்படும் கையும்

தொழிலிட ஆலோசனையின் வரலாறு இரண்டு ஊற்றுகளிலிருந்து வருகிறது. முதலாவது, அமெரிக்காவின் சிகாகோவை ஒட்டியிருந்த வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதார்ன் ஆலை. உற்பத்தித்திறன் குறித்த புகழ்பெற்ற ஆய்வுகள் நடந்த அந்த ஆலையில், 1936ஆம் ஆண்டு ஆலோசகர்கள் நியமிக்கப்பட்டனர். தொழிலாளியின் பேச்சை இடைமறிக்காமல் கேட்பதும், கேட்டதை வெளியில் சொல்லாமல் காப்பதும் அவர்களுக்கு விதிக்கப்பட்டிருந்தன; கேட்ட குறையைத் தீர்க்கும் அதிகாரமோ மேலிடத்தில் எடுத்துச் சொல்லும் பொறுப்போ அவர்களிடம் இல்லை. இருபது ஆண்டுகள் நடந்த அந்தத் திட்டம் 1956இல் முடிவுக்கு வந்தது. பொறுமையாகக் கேட்கும் காது ஆறுதல் தரும். ஆனால் வருத்தத்துக்குக் காரணமான நிலைமை அப்படியே இருக்கும்போது அந்த ஆறுதலுக்கு ஓர் எல்லை உண்டு என்பதே ஹாதார்ன் விட்டுச்சென்ற பாடம்.

இரண்டாவது ஊற்று, குடியிலிருந்து மீண்டவர்கள் 1935இல் அமெரிக்காவில் தொடங்கிய 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' இயக்கம். அந்த இயக்கத்தின் தாக்கத்தால் 1940களில் டூபான்ட், ஈஸ்ட்மன் கோடாக் போன்ற பெருநிறுவனங்கள், குடிநோய்க்கு ஆளான தொழிலாளியைப் பணிநீக்கம் செய்வதற்கு முன் சிகிச்சைக்கு அனுப்பிப் பார்க்கும் வழக்கத்தைத் தொடங்கின. பழகிய தொழிலாளியை இழப்பதைவிட மீட்பது நிறுவனத்துக்கும் லாபம் என்பது அனுபவத்தில் தெரிந்தபின், 1970களில் குடும்பச் சிக்கல், கடன், மனச்சோர்வு ஆகியவற்றையும் உள்ளடக்கி இத்திட்டங்கள் விரிவடைந்தன.

மேஸ்திரியிடமிருந்து நல அலுவலரிடம்

இந்தியாவின் பாதை வேறு. இங்கே தொழிலாளிக்கு ஒரு துணை வேண்டும் என்ற எண்ணத்தைத் தோற்றுவித்தது மேஸ்திரியின் அதிகாரம். ஆள் சேர்ப்பதும் நீக்குவதும் விடுப்புக் கொடுப்பதும் மேஸ்திரியின் கையில் இருந்ததால், வேலைக்காக அவருக்குக் கையூட்டுக் கொடுப்பதும், அதற்காகக் கடன்படுவதும் ஆலைத் தொழிலாளரின் வாழ்க்கையைப் பிணித்திருந்தன. 1931இல் அறிக்கை அளித்த விட்லி தலைமையிலான தொழிலாளர் ஆணையம், இந்தப் பிடியை உடைப்பதற்காக ஆலைகளில் தொழிலாளர் அலுவலர்களை நியமிக்கப் பரிந்துரைத்தது. 1936இல் பம்பாயில் டாடா சமூகப்பணிக் கல்லூரியும், 1952இல் சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் தொடங்கிய சமூகப்பணிப் பள்ளியும் அத்தகைய பணிக்கு ஆட்களைப் பயிற்றுவித்தன. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 49ஆம் பிரிவில், 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் பணிபுரியும் ஒவ்வொரு தொழிற்சாலையிலும் நல அலுவலர் இருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. 2020ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அந்த வரம்பை 250 ஆகக் குறைத்திருக்கிறது.

ஆக, மேலைநாட்டு மாதிரி வந்து சேர்வதற்கு முன்பே, தொழிலாளியின் குறையைக் கேட்பதற்கென்று ஒரு பதவியை இந்தியச் சட்டம் உருவாக்கி வைத்திருந்தது. தொழிலாளிக்கு எதிரான ஒழுங்கு நடவடிக்கைகளில் நிர்வாகத்தின் சார்பில் நல அலுவலர் ஈடுபடக் கூடாது என்று பல மாநிலங்களின் விதிகள் வகுத்திருப்பது, சட்டம் எழுதியவர்கள் இப்பதவியின் இயல்பை எவ்வளவு தெளிவாக உணர்ந்திருந்தார்கள் என்பதற்குச் சான்று. நடைமுறையிலோ, நல அலுவலரை நியமிப்பதும் நிர்வாகம், சம்பளம் தருவதும் நிர்வாகம் என்ற நிலையில், அவர் காலப்போக்கில் மனிதவளத் துறையின் ஓர் அங்கமாகிப்போனார். உணவகக் கணக்கும் வருகைப் பதிவும் அவருடைய மேசையில் சேர்ந்தன. நோட்டீசு கொடுக்கும் கையும் ஆறுதல் சொல்லும் வாயும் ஒரே ஆளுடையவை ஆனபோது, தொழிலாளி அந்த அறைக்குள் போவதை நிறுத்திக்கொண்டார்.

கண்ணாடிக் கதவும் பீஸ் ரேட்டும்

2000க்குப் பிறகு தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களும் வங்கிகளும் வெளிநிறுவனங்களிடம் ஒப்பந்தம் செய்து பணியாளர் உதவித் திட்டங்களைக் கொண்டுவந்தன. பணியாளர் ஓர் எண்ணை அழைக்கிறார் அல்லது செயலி வழியாக நேரம் பதிவு செய்கிறார். நிறுவனத்துக்கு வெளியே இருக்கும் ஆலோசகர் பேசுகிறார். எத்தனை பேர், எவ்வகைச் சிக்கலுக்காக வந்தார்கள் என்ற மொத்தக் கணக்கு மட்டும் நிறுவனத்துக்குப் போகிறது. தன் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்ற நிலை தவிர வேறெப்போதும் பெயர் வெளியே வரக் கூடாது என்பது தொழில் அறம். பல்லாயிரம் பேர் பணிபுரியும் நிறுவனத்தில் இந்த ஏற்பாடு ரகசியத்தைக் காக்கும். இருபது பேர் பணிபுரியும் பட்டறைக்கு 'இம்மாதம் ஒருவர் மணமுறிவுச் சிக்கலுக்காக வந்தார்' என்று கணக்குப் போனால், அந்த ஒருவர் யார் என்பது மறுநாளே எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

இந்த மாதிரியைத் தொழிற்சாலைத் தளத்துக்கு அப்படியே கொண்டு செல்ல முடியாது என்பதை, ஓர் ஆயத்த ஆடை ஆலையின் தையல் வரிசையை அருகிலிருந்து பார்த்தால் விளங்கும். வரிசையாக அமர்ந்திருக்கும் டைலர்களில் ஒருவர் எழுந்தால் அவருக்கு அடுத்த இயந்திரத்தில் துணி நின்றுபோகும். மணிக்கு இத்தனை உருப்படி என்று பலகையில் எழுதியிருக்கும் டார்கெட் குறையும். எங்கே போகிறாய் என்று லைன் சூப்பர்வைசர் எல்லோர் முன்னிலையிலும் கேட்பார். ஆலோசனை அறை மனிதவள அலுவலகத்தை ஒட்டிக் கண்ணாடிக் கதவுடன் அமைந்திருந்தால், உள்ளே அழுபவரை வெளியே நடப்பவர் எல்லோரும் பார்ப்பார்கள். பீஸ் ரேட்டுக்குத் தைப்பவருக்கு அந்த ஒரு மணி நேரத்தின் கூலியும் போய்விடும். இவ்வளவையும் கடந்து ஒரு பெண் அந்த அறைக்குள் நுழைய வேண்டும் என்றால், அவர் நிலைமை கைமீறிப் போயிருக்க வேண்டும். அறையை மருந்தகத்தோடு சேர்த்து வைப்பதும், ஆலோசனைக்குச் செல்லும் நேரத்துக்குச் சராசரிக் கூலி கொடுப்பதும், காரணம் கேட்காமல் அனுமதிச் சீட்டுத் தருவதும் பெருஞ்செலவு பிடிக்கும் சீர்திருத்தங்கள் அல்ல.

தொழிலாளர் பயன்படுத்தும் மொழியையும் திட்டம் அறிந்திருக்க வேண்டும். 'எனக்கு மனச்சோர்வு' என்று எவரும் வந்து சொல்வதில்லை. தலைவலி, நெஞ்சுப் படபடப்பு, தூக்கம் இல்லை, பசி எடுக்கவில்லை, மனசு சரியில்லை என்றே சொல்கிறார்கள். அதனால் அவர்கள் முதலில் போய் நிற்கும் இடம் ஈ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டின் மருந்தகம். மாத ஊதியம் 21,000 ரூபாய் வரை பெறுவோருக்காக, தொழிலாளி 0.75 சதவீதமும் முதலாளி 3.25 சதவீதமும் செலுத்தி நடக்கும் இந்தக் காப்பீட்டில், உளப்பிறழ்வு போன்ற கடுமையான மனநோய்களுக்கு நீட்டித்த நோய்ப்பயனாக ஊதியத்தில் 80 சதவீதம் பெறும் உரிமையும் அடங்கும். மனசு சரியில்லை என்ற சொல்லைக் கேட்டவுடன் வலி மாத்திரை எழுதாமல் ஐந்து நிமிடம் கூடுதலாகப் பேசும் மருத்துவர் அங்கே இருந்தால், புதிய திட்டம் எதுவும் இல்லாமலே லட்சக்கணக்கானோருக்கு வாயில் திறக்கும்.

மனத்தைச் சீராக்குவதா, வேலையைச் சீராக்குவதா

2022 செப்டம்பரில் தொழிலிட மனநலத்துக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்ட உலக சுகாதார நிறுவனம், தனிமனிதருக்கான ஆலோசனைக்கு இணையாக வேலையின் அமைப்பை மாற்றுவதற்கும் முதன்மை அளித்தது. வேலைச்சுமை, வேலைநேரம், மேலாளரின் நடத்தை ஆகியவற்றைத் திருத்தாமல் தொழிலாளிக்கு மூச்சுப்பயிற்சி கற்றுத்தருவது, ஒழுகும் கூரையின் கீழ் ஓயாமல் தரையைத் துடைப்பதற்கு ஒப்பாகும்.

தமிழ்நாட்டிலேயே இதற்கு நல்ல எடுத்துக்காட்டுகள் உண்டு. காவல்துறையினருக்காக நிம்ஹான்ஸ் நிறுவனத்துடன் இணைந்து நடத்தப்பட்ட 'காவலர் நிறைவாழ்வுப் பயிற்சி', காவலர்களுக்கும் அவர்களுடைய குடும்பத்தாருக்கும் மன அழுத்தத்தைக் கையாளும் முறைகளைக் கற்பித்தது. அதற்குப்பின் 2021இல் காவலர்களுக்கு வார விடுமுறை அளிக்க அரசு ஆணை பிறப்பித்தது. பயிற்சியும் ஓய்வும் சேர்ந்தால்தான் ஒன்றுக்கொன்று பயன் தரும். ஓய்வே இல்லாதவருக்குப் பயிற்சி வகுப்பும் மற்றுமொரு பணிச்சுமையே. அதே ஆண்டில், கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம், நாள் முழுதும் நின்றுகொண்டே சேலை விரித்துக் காட்டும் விற்பனைப் பெண்களுக்கு அமரும் உரிமையை வழங்கியது. கேரளத்தை அடுத்துத் தமிழ்நாடு இயற்றிய இந்தச் சட்டத்தின் பயன் ஒரு நாற்காலிதான். கால் வீங்கி, சிடுசிடுத்து வீடு திரும்பும் ஒரு பெண்ணின் மாலைப்பொழுதை அந்த நாற்காலி மாற்றிவிடும்.

நம்பத்தக்க துணை இல்லாதபோது என்ன நேரும் என்பதற்கும் இங்கேயே எடுத்துக்காட்டு உண்டு. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் அருகே மின்னணுப் பொருள் ஆலை ஒன்றின் பெண் தொழிலாளர் விடுதியில், உணவு நஞ்சானதால் ஏராளமானோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது, சிலர் இறந்துவிட்டதாகப் பரவிய வதந்தியால் தோழியர் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தனர். அறைத்தோழி எங்கே இருக்கிறாள் என்ற எளிய கேள்விக்கு, அவர்கள் நம்பும்படி விடை சொல்ல ஒருவர் இருந்திருந்தால், அந்த இரவின் அச்சம் பாதியாகக் குறைந்திருக்கும். நம்பிக்கைக்குரியவர் ஒருவர் நெருக்கடி வருவதற்கு முன்பே அங்கு இருந்திருக்க வேண்டும். நெருக்கடி வந்தபின் அனுப்பப்படும் அதிகாரி அந்த இடத்தை நிரப்ப முடியாது.

இதற்கு மாறான பாதையைத் திண்டுக்கல் உடன்பாடு காட்டுகிறது. 2021 ஜனவரியில் ஆயத்த ஆடை ஆலைத் தொழிலாளியான ஓர் இளம்பெண் தன் மேற்பார்வையாளரால் கொலையுண்டதை அடுத்து, பெண்கள் தலைமையேற்று நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம், ஆலை நிர்வாகம், பன்னாட்டு ஆடை நிறுவனங்கள் ஆகியவற்றுக்கிடையே 2022இல் அந்த உடன்பாடு கையெழுத்தானது. தொழிலாளர்களிலிருந்தே தேர்ந்தெடுக்கப்பட்ட பெண்கள் தளக் கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி பெற்று, வசவு, சீண்டல், மிரட்டல் ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே எடுத்துச் சொல்கிறார்கள். புகார் சொன்னவரைப் பழிவாங்குவது தடுக்கப்பட்டிருக்கிறது. ஆலை தவறினால் ஆடை வாங்கும் நிறுவனங்களுக்கும் நடவடிக்கை எடுக்கும் கடமை உண்டு. பக்கத்து இயந்திரத்தில் இருக்கும் அக்காவிடம் சொல்லலாம், சொன்னால் ஏதாவது நடக்கும் என்ற உறுதியே அங்கு ஆலோசனை. ஹாதார்ன் ஆலோசகரிடம் இல்லாதிருந்த செயல்படும் கை, இந்த ஏற்பாட்டில் இருக்கிறது.

குடியும் வேலையும்

ஆண் தொழிலாளரிடையே இத்திட்டங்களின் கடினமான சோதனை குடிநோய்தான். குடியை ஒழுக்கக்கேடாகக் கருதாமல் மற்ற நோய்களைப் போல நடத்த வேண்டும் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1996இல் வெளியிட்ட நடைமுறைத் தொகுப்பு அறிவுறுத்துகிறது. கர்நாடக அரசுப் போக்குவரத்துக் கழகம் நிம்ஹான்ஸ் துணையுடன் தன் ஊழியர்களுக்காக நடத்திய குடிநோய்த் தடுப்புத் திட்டம், பொதுத்துறையிலும் இது இயலும் என்பதைக் காட்டியது. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை, குடித்தவரோடு அவர் குடும்பத்துக்கும் சிகிச்சையில் இடம் கொடுத்தது. சிகிச்சை முடிந்து திரும்புபவருக்கு அவருடைய பழைய வேலை காத்திருக்கிறது என்ற உறுதியே மீட்சியின் பாதி. நோயை ஒப்புக்கொண்டால் வேலை போகும் என்ற அச்சம் இருக்கும்வரை எவரும் ஒப்புக்கொள்ளப் போவதில்லை.

சுவருக்கு வெளியே இருப்பவர்கள்

இதுவரை கூறிய அனைத்தும் வருகைப் பதிவேட்டில் பெயர் உள்ளவர்களுக்கே. இந்தியத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோர் அமைப்புசாராத் துறையினர். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் தற்கொலை செய்துகொண்ட 1,70,924 பேரில் 26.4 சதவீதத்தினர் தினக்கூலிகள். அவர்களுக்கு மனிதவளத் துறையும் கிடையாது, ஆலோசனை ஒப்பந்தமும் கிடையாது. பத்துப் பேருக்குக் குறைவானோர் பணிபுரியும் இடங்களிலிருந்து வரும் பாலியல் துன்புறுத்தல் புகார்களைக் கேட்க, 2013ஆம் ஆண்டின் சட்டம் மாவட்டந்தோறும் உள்ளூர்க் குழுவை ஏற்படுத்தியதைப் போல, சிறு பட்டறைகளுக்கும் கட்டடத் தொழிலாளருக்கும் பொதுவான ஆலோசனை மையங்களை மாவட்ட அளவில் அமைப்பது அரசின் கடமை. 2022 அக்டோபர் 10 முதல் நாடெங்கும் இயங்கும் டெலி மானஸ் என்னும் தொலைபேசி மனநலச் சேவை, 14416 என்ற எண்ணில் தமிழ் உட்பட 20 மொழிகளில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. 1986இல் சென்னையில் தொடங்கப்பட்ட சினேகா, தற்கொலைத் தடுப்புக்கென்றே தன்னார்வலர்களைக் கொண்டு இயங்குகிறது. இவை தொடக்கங்களே. சித்தாள் ஒருவர் மதிய உணவு வேளையில் அழைத்துப் பேசத் துணியும் அளவுக்கு 14416 என்ற எண் அவருக்குப் பழக்கமாக வேண்டும்.

செய்ய வேண்டியவை

சட்டங்களுக்குக் குறைவில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை பெறும் உரிமையையும் ரகசியம் காக்கப்படும் உரிமையையும் உறுதி செய்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் ஊனமாக ஏற்று, அரசுப் பணியில் அதைக் காரணங்காட்டி ஒருவரை நீக்குவதைத் தடுக்கிறது. குறைவாக இருப்பது நம்பிக்கை. நல அலுவலரின் நியமனத்திலும் நீக்கத்திலும் தொழிலாளர் பிரதிநிதிகளுக்குப் பங்கு வேண்டும். ஆலோசனைக் குறிப்புகளை மனிதவளத் துறை பார்க்கக் கூடாது என்பது ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். திரும்பத் திரும்ப ஒரே பிரிவிலிருந்து ஒரே வகைத் துன்பம் வந்தால், அந்தப் பிரிவின் வேலைமுறையை மாற்றும் கடமை நிர்வாகத்துக்கு இருக்க வேண்டும். தொழிற்சங்கங்களும் கூலிக்கும் போனசுக்கும் அடுத்த கோரிக்கையாக இதை வைக்க வேண்டும்.

தொழிற்சாலைகள் சட்டத்தின் சுருக்கத்தை, தொழிலாளருக்குப் புரியும் மொழியில், வாயிலருகே எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டிவைக்க வேண்டும் என்பது 1948ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்திலேயே வகுக்கப்பட்ட விதி. அத்தகைய அறிவிப்பில் 14416 என்ற எண்ணும், 'இங்கே நீங்கள் சொல்வது நிர்வாகத்துக்குப் போகாது' என்ற ஒரு வரியும் இன்று சேர வேண்டும். அந்த வரியை எழுதுவதற்கு ஒரு தாள் போதும். அதை உண்மையாக்கும் பொறுப்பு ஒவ்வொரு முதலாளிக்கும் ஒவ்வொரு அரசுக்கும் உரியது.